கைநாட்டு

நாங்குநேரிக்குத் தெற்கே, லெவல் கிராசிங் தாண்டி,
தண்டவாளத்தோரம் ஆனைக்கத்தாழை வேலி.
ஐப்பசி மழை விட்ட நாலாம் நாளிலிருந்து
அதில் நாற்பத்தொரு வலைகள் என் பொறுப்பு.
கழுத்தில் ஸ்டாப்வாட்ச். மடியில் நோட்டு.
நாள் கூலி அறுநூறு, மத்தியானச் சாப்பாடு நம்மது.

வலைக்கு நடுவே பெருக்கல் குறி போட்டு
அதன் மேலேயே கால்களை இரண்டிரண்டாய்ச் சேர்த்துத்
தலைகீழாக இருப்பாள்.
புளியங்கொட்டை அளவு. மஞ்சள், வெள்ளை, கறுப்புப் பட்டை.
கையெழுத்துச் சிலந்தி என்று பேர் போட்டிருக்கிறார்கள்.
அவன் சீரகம். ஓரத்தில் நிற்பான்.
அவனுக்குக் கையெழுத்துத் தெரியாது.

பத்திர ஆபீஸ் வாசலில் பத்து வருஷம் டைப் அடித்தவள் நான்.
கைநாட்டுக்காரர்களைத் தெரியும்.
மை தொட்ட பெருவிரலை
எங்கே துடைப்பதென்று தெரியாமல்
தலைமுடியில் தேய்த்துக்கொண்டே படி இறங்குவார்கள்.
இவன் விரலையே விட்டுவிட்டுப் போகிறவன்.

வலையில் ஒரு பொத்தல் கடிக்கிறான்.
பொத்தலின் குறுக்கே தன் நூல் ஒன்றைக் கட்டுகிறான்.
தட்டுகிறான். நிறுத்துகிறான். தட்டுகிறான்.
ஈ இல்லை, நான், நான், ஈ இல்லை.
நாற்பது நிமிஷம் தட்டினவன் உண்டு.
அவள் இறங்கி வந்து அந்த நூலில் தொங்கினால்
நான் பொத்தானை அமுக்குவேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவது வினாடியில் அவள் பின்னங்கால்
பட்டு எடுக்கத் தொடங்கிவிடும்.
ஆறில் அவன் பொட்டலம்.
எட்டைத் தாண்டினவன் அபூர்வம்.
தப்பிக் குதித்தவன், இரண்டு கால் குறைந்து,
கத்தாழை முள்ளில் கொஞ்ச நேரம் கிடப்பான்.
பிறகு மீதி இருக்கும் ஒரு கைக்காகத் திரும்பி வருவான்.
அப்படித் திரும்பினவன் எவனும்
வலையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

நுனி ஒடிந்து அவளுக்குள் நிற்கும்.
அவளுக்கு வாசல் இரண்டு; ஒன்று அடைபட்டது.
பின்னால் வருகிறவனுக்கு அது வில்லங்கம்.
அவளோ எவனுக்கும் முழுசாய் எழுதிக் கொடுப்பதில்லை.
வினாடி வினாடியாய்க் குறைத்து
சென்ட் கணக்கில்தான் கிரயம்.

கேட் கீப்பர் பரமார்த்தலிங்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
"கொன்னுபோட்டுருவாள்லா,
பொறவு என்னத்துக்குப் போவுதான்?" என்றார்.
தினமும் அதே கேள்வி, பச்சைக் கொடியைச் சுருட்டியபடி.
பாசஞ்சரில் சுண்டல் விற்கும் சூசையம்மாள்
எதுவும் கேட்கவில்லை.
"எட்டு செகண்டா? பரவால்லியே" என்று
சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

இருபத்தேழாம் வலை. சாயந்திரம் நாலே முக்கால்.
அவன் நூலைக் கட்டி முடிக்கவும்
நாகர்கோவில் வண்டி வரவும் சரியாக இருந்தது.
ஜல்லி அதிர்ந்தது, கத்தாழை அதிர்ந்தது,
வேலி முழுக்க நான் நான் என்று தட்டியது.
அவள் தொங்கினாள். பின்னங்கால் எழுந்து
எதைச் சுற்றுவதென்று தெரியாமல்
அப்படியே நின்றது.
பதினான்கு பெட்டி.
பத்தொன்பது வினாடி.
கடைசிப் பெட்டி போனதும் சுற்றினாள், அவசரமில்லாமல்.

டாக்டர் ஹெப்சிபா போனில் சொன்னார்:
"வண்டி வந்தது கணக்குல சேராது. அடிச்சிருங்க."
ரப்பரை எடுத்தேன். பென்சில் எழுத்துதான்.
அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில்
கட்சிக்காரர் இருவரும் ஒப்பமிட வேண்டும்
என்பது எங்கள் ஆபீஸ் பழக்கம்.
ஒரு கட்சிக்காரன் பட்டுக்குள் இருக்கிறான்.
இன்னொருத்தி அவனை வாயில் வைத்துக்கொண்டே
பெருக்கல் குறிக்குத் திரும்பிவிட்டாள்.

19 என்று இருந்ததை 19 என்றே விட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் 'ரயில்' என்று மட்டும் எழுதினேன்.

கேட் திறந்தது. ஒரு டிராக்டர், இரண்டு ஆடு.
இருபத்தெட்டாம் வலையில்
எவனோ தட்டத் தொடங்கியிருந்தான்.
அடுத்த வண்டி ஏழு பத்துக்குத்தான்.